திருகோணமலைக்குப் போகும் மருமகனுக்கு

தாராபுரம், மன்னார்.
20.06.2025

அன்பு மருமகனுக்கு,



உன் உம்மா நேற்று அஸருக்குப் பிறகு வந்து, நீ போனில் அனுப்பிய பட்டியலைக் காட்டினாள். திருகோணமலையில் இரண்டு நாள், பதினொரு இடம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம் போட்டிருக்கிறாய். கோணேசர் மலைக்கு நாற்பது நிமிடம், கன்னியாவுக்கு அரை மணி, பகல் சாப்பாட்டுக்கு முக்கால் மணி. "எம் மகன் எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருக்கான் காக்கா" என்று அவளுக்குப் பெரிய சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை உனக்கு எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் வந்தால் இரண்டு தடவையாவது வாசிப்பாய்.

முதலில் அந்தப் பதினொன்றில் ஆறை வெட்டு. லீவு இன்னும் இரண்டு நாள் எடுக்க முடிந்தால் எடு. முடியாவிட்டால் இரண்டு நாளுக்கும் சேர்த்து ஐந்து இடம் போதும். நீயும் உன் மனைவியும் மறுபடியும் போகலாம், உங்களுக்கு வயது இருக்கிறது. உம்மாவுக்கு இதுதான் முதல் தடவை. அறுபத்திரண்டு வயதில் இன்னொரு தடவைக்கு யார் உத்தரவாதம் தருவது?

அவள் பிறந்தது இந்த மணலில். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களையெல்லாம் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினோம். அங்கேயும் கால் வைத்தது மணலில்தான். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் உன்னைப் பெற்று வளர்த்தாள், அதுவும் உப்பளக் காற்றடிக்கும் சமதரை. நம் தீவில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? பனை இருக்கிறது, பள்ளி மினாரா இருக்கிறது. இப்போது தென்கரையில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன, அதில் நம்மை யாரும் ஏற்றமாட்டார்கள். நிலத்தை மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கடலை மேலேயிருந்து பார்த்ததும் இல்லை. அவளுக்கு நாற்பது நிமிடம் என்று எழுதியிருக்கிறாயே மகன்!

கோணேசர் மலைக்குப் பின்னேரம் போ. அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வெயில் தாழ்ந்திருக்கும். கோட்டை வாசலைத் தாண்டியதும் பாதை ஏறத் தொடங்கும். உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால் "இன்னும் கொஞ்சம்தான்" என்று அவசரப்படுத்தாதே. பெரிய ஆலமரங்கள் இருக்கின்றன, நிழலில் உட்கார வை. புள்ளிமான்கள் கிட்டவே வந்து நிற்கும். நம் ஊரில் கழுதை தெருவில் அலைவதுபோல் அங்கே மான் அலைகிறது. பிஸ்கட்டைப் பையோடு நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொலித்தீன் வயிற்றுக்குள் போனால் அந்த வாயில்லா உயிர் என்ன செய்யும்? நம் ஊர்க் கழுதைகளுக்கு நடப்பதை நீயே கண்டிருக்கிறாய்.

மேலே போனதும் முதலில் கெமராவை எடுக்காதே. உம்மாவின் கையைப் பிடித்துச் சுவர் ஓரத்துக்குக் கூட்டிப் போ. அந்த மலை ஒரு நாக்கைப்போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. வடக்கே பின்குடா, தெற்கே டச்சுக்குடா, முன்னால் தடையில்லாத வங்கக் கடல். ஊருக்கு அந்தப் பக்கம் மலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்ததுபோல் துறைமுகம். அந்தத் துறைமுகத்துக்காகத்தான் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரான்ஸ்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி அடிபட்டார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் 1957 வரை ஆங்கிலேயக் கடற்படை அதை விடாமல் வைத்திருந்தது. உம்மாவுக்கு இந்த வரலாறு தேவையில்லை. தண்ணீரின் நிறம் மாறுவதை மட்டும் காட்டு. பாறையடியில் பச்சை, கொஞ்சம் தள்ளிக் கருநீலம். அந்தக் கருநீலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அது கோயில் இருக்கும் இடம் என்பதை மறவாதே. நாம் தொழப் போகவில்லை, பார்க்கப் போகிறோம். மற்றவர் தொழும் இடத்தில் பார்க்க வந்தவனுக்குச் சில கடமைகள் உண்டு. செருப்பைச் சொன்ன இடத்தில் கழற்று. பூசை நடந்தால் ஒதுங்கி நில். உள்ளே படம் எடுக்கலாமா என்று கேள், வேண்டாம் என்றால் முகத்தைச் சுளிக்காதே. 1622இல் போர்த்துக்கீசர் அந்தக் கோயிலை இடித்தார்கள். கற்களைக் கொண்டுபோய்க் கோட்டை கட்டினார்கள். நம் மன்னார்க் கோட்டைக்கும் திருக்கேதீச்சரத்துக் கல் போயிற்று என்று நம் பக்கத்துச் சைவ ஆட்கள் சொல்வார்கள். 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் மறைத்து வைத்த விக்கிரகங்கள் கிடைத்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடிச் செதுக்கிய தூண்களைக் கண்டார்கள். 1963இல் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கணக்குப் பார்: முந்நூற்று நாற்பத்தொரு வருடம். இடிக்கப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவதென்றால் என்ன என்று நமக்குத் தெரியும். நாம் இருபது வருடத்துக்கே எவ்வளவு அழுதோம்! அதனால்தான் அந்தப் படிகளில் எனக்கு எப்போதும் குரல் தானாகவே தாழ்ந்துவிடும்.

பாறை பிளந்து நிற்கும் இடத்தை இராவணன் வெட்டு என்பார்கள். இராவணன் கோபத்தில் வாளால் வெட்டினானாம். காதலன் ஏறிப்போன கப்பலைப் பார்த்துக்கொண்டே குதித்த ஒல்லாந்துப் பெண்ணின் கதையும் உண்டு. உன் மனைவி கேட்டால் சொல். ஆனால் விளிம்புக்குப் போய் நின்று படம் எடுக்காதீர்கள். காற்று அங்கே சொல்லிக்கொண்டு வராது.

இனி அந்தக் கருநீலம்.

1976 மார்ச்சில் எனக்கு இருபத்தொரு வயது. உன் மூத்தாப்பாவின் கருவாட்டு வியாபாரத்தில் லொறியோடு போகத் தொடங்கியிருந்தேன். வாடைக்காலத்தில் திருகோணமலைக் கடல் பொங்கும், வள்ளம் இறக்க முடியாது. அந்த மாதங்களில்தான் நம் கட்டாக் கருவாட்டுக்கும் சீலாவுக்கும் அங்கே கிராக்கி. வாடை ஓயும் நேரம் அது. பொதிகளை இறக்கிவிட்டுக் காசுக்காகக் காத்திருந்த காலை, டச்சுக்குடாவில் குளிக்க இறங்கினேன். நம் பழக்கம் உனக்குத் தெரியும். வடகடலில் நெஞ்சளவு தண்ணீருக்குப் போகவே வெகுதூரம் நடக்க வேண்டும். பாக்குக் குடாவே பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழம்தான். நானும் கரையிலிருந்து நடந்தேன். முதல் அடி முழங்கால், இரண்டாவது அடி இடுப்பு. மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. அலை திரும்பும்போது காலுக்குக் கீழே மணல் உருவிக்கொண்டு போனது. நீந்தத் தெரிந்தவன்தான், ஆனால் நம் கடலில் பழகிய நீச்சல் அங்கே உதவவில்லை. கத்தினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. கரைவலை இழுக்க வந்திருந்த கிண்ணியா ஆள் ஒருவர் கயிற்றோடு பாய்ந்து என்னைத் தலைமயிரில் பிடித்து இழுத்தார்.

திருகோணமலைக் கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. கொட்டியாரக் குடாவின் வாயிலிலேயே தொடங்கி ஆழ்கடலுக்குள் இறங்குகிறது. அந்த ஆழத்தால்தான் பெரிய கப்பல்கள் கரைக்குக் கிட்ட வருகின்றன, நீலத்திமிங்கிலமும் வருகிறது. அந்த ஆழமே தெரியாதவனை விழுங்கவும் செய்யும். ஆகவே நீயும் மனைவியும் குளிப்பதென்றால் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் போங்கள், ஆட்கள் குளிக்கும் இடத்தில் இறங்குங்கள். இறங்குமுன் அங்கே வலை காயவைக்கும் ஒருவரிடம் "இன்றைக்கு இழுவை எப்படி?" என்று கேள். அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு பார்வை போதும். ஜூலையில் கச்சான் காற்று மத்தியானத்தில் அனலாக வீசும். கடலுக்குக் காலைதான் நல்லது. உம்மா கரையில் உட்கார்ந்து காலை நனைத்தால் போதும். பக்கத்தில் ஒருவர் இருங்கள்.

புறாமலைக்கு வள்ளத்தில் போக நீ ஆசைப்படுகிறாய் என்று அறிந்தேன். போ. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். அது 2003 முதல் தேசியப் பூங்கா, டிக்கட் எடுக்க வேண்டும். பாதுகாப்பு அங்கி இல்லாமல் வள்ளத்தில் ஏறாதே. தண்ணீருக்குள் பவளப்பாறை காலுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும், எட்டினாலும் மிதிக்காதே. கல்லைப்போல் தெரியும், ஆனால் அது உயிர். நீ ஒரு நொடி நின்று மூச்சு வாங்கிய இடம் மறுபடி வளர உன் ஆயுளில் பாதி போகும். சின்னச் சுறாக்கள் கறுப்பு நுனிச் செட்டையோடு சுற்றும். தொந்தரவு செய்யாவிட்டால் ஒன்றும் செய்யா. கரையில் கிடக்கும் பவளத்துண்டு ஒன்றைக்கூடப் பையில் போடாதே. சட்டமும் விடாது, நானும் வீட்டுக்குள் விடமாட்டேன்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சுபஹு தொழுத கையோடு போங்கள். பகலில் கூட்டம். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பது. சைவ ஆட்களுக்கு அது இராவணன் தாய்க்குக் கருமம் செய்த இடம். நம் ஆட்களும் சிங்கள ஆட்களும் மூட்டுவலிக்கும் ஆசைக்கும் போய்க் குளிப்பார்கள். உம்மாவின் முழங்காலுக்கு இரண்டு வாளி ஊற்று. ஏற்றம் ஏறியதற்கு அடுத்த நாள் அதைச் செய்தால் உனக்கு துஆக் கிடைக்கும்.

உன் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். நிலாவெளிக்குப் போகும் வழியில் உப்புவெளியில் யுத்தக் கல்லறை இருக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் ஒரு விமானம் விழுந்து எரிந்தது. 99 தாங்கிகள் இன்னும் அங்கே நிற்கின்றன. அந்த யுத்தக் காலத்தில் செத்தவர்கள் வரிசையாகக் கிடக்கும் இடம்தான் அந்தக் கல்லறை. பெயருக்குக் கீழே வயது செதுக்கியிருக்கும். உன்னைவிட இளையவர்கள் எத்தனை பேர் என்று மெதுவாக நடந்து பார். அங்கே பத்து நிமிடம் போதும், மிச்சம் தானாக உன்னோடு வரும்.

சாப்பாட்டுக்கு வருவோம். இதில் என் சொல்லைத் தட்டாதே.

வவுனியாவில் பஸ் மாறும்போது வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். ஹொரவப்பொத்தானைப் பாதையில் குலுங்கும், பசியோடு போய்ச் சேர்வதே நல்லது. காலையில் கடைத்தெருவில் நம் ஆட்களின் கடைகள் சுபஹோடு திறந்துவிடும். இடியப்பமும் சொதியும் மாசிச் சம்பலும் கேள். பிட்டு இருந்தால் அதற்கு மீன் ஆணம் ஊற்றித் தரச் சொல். கூனி கிடைக்கிறதா என்று விசாரி. கிழக்குக் கரையின் கூனி, நகக்கண் அளவு றால். தேங்காய்ப்பூவோடும் வெங்காயத்தோடும் வறுத்தால் வேறு கறி வேண்டாம். உம்மாவுக்கு உறைப்புக் குறைவாகச் சொல்லிவை.

மீன் விஷயத்தில் ஹோட்டல் பட்டியலை நம்பி உட்காராதே. காலையில் மீன் சந்தைக்குப் போ, வாங்காவிட்டாலும் பார். என்ன வந்து இறங்கியிருக்கிறதோ அதைத்தான் பகலில் கேட்க வேண்டும். பாரை வந்த நாளில் பாரை, சூரை வந்த நாளில் சூரை. எல்லாரும் அறக்குளா அறக்குளா என்று கேட்பதால் அது இல்லாத நாளிலும் அந்தப் பெயரில் ஏதாவது வரும். ஆழக்கடல் மீனுக்கு நம் பரவைக்கடல் மீனின் இனிப்பு இருக்காது, சதை இறுக்கமாக இருக்கும். அதைப் பொரிப்பதைவிடக் கொறுக்காப்புளி போட்டு ஆணம் காய்ச்சினால் ருசி. இரவில் கொத்து ரொட்டிக் கடையின் தட்டுச் சத்தம் உங்களை இழுக்கும். உனக்கும் மனைவிக்கும் அது சரி. உம்மாவுக்கு ரொட்டியும் பருப்பும் வாங்கிக்கொடு, இரவில் அவளுக்குக் கொத்து ஒத்துக்கொள்ளாது. அவள் சொல்லமாட்டாள், நீதான் கவனிக்க வேண்டும்.

தயிர் கிண்ணியாவில். சட்டியில் உறைந்த எருமைத் தயிர். சட்டியைச் சாய்த்தாலும் அசையாமல் நிற்க வேண்டும், மேலே மஞ்சள் ஆடை படிந்திருக்க வேண்டும். பனங்கட்டியை இங்கேயிருந்து கொண்டு போ. தயிர் அவர்களுடையது, பனங்கட்டி நம்முடையது. இரண்டும் ஒரு கோப்பையில் சேர்ந்தால் அதற்கு மேலே என்ன சொல்வது? ஊருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால் புறப்படும் காலையில் வாங்கு. முதல் நாளே வாங்கி அறையில் வைத்தால் வவுனியா வருமுன் புளித்துவிடும்.

கடைச் சாமான் பற்றி அதிகம் இல்லை. உனக்குச் சாரம் வேண்டுமென்றால் மருதமுனைக் கைத்தறி கேட்டு வாங்கு. வியர்வையை இழுக்கும், கழுவக் கழுவ மெதுவாகும். சங்கு, சோகி, பவளமாலை, ஆமையோட்டுச் சாமான் எதையும் வாங்காதே. நாம் வாங்கினால்தான் அவர்கள் எடுப்பார்கள். கருவாடு வாங்குவதென்றால், நாற்பது வருடம் அந்த வியாபாரத்தில் இருந்தவன் சொல்கிறேன். தலை கழலாமல், வயிறு வெடிக்காமல் இருப்பது பச்சையாக இருக்கும்போதே காயப்போட்டது. மேலே உப்புப் பூத்து வெள்ளையாக இருப்பது நிறைக்காகப் போட்ட உப்பு. விரலால் அமர்த்திப் பார், பள்ளம் விழுந்தால் ஈரம் காயவில்லை. நெத்தலி மட்டும் அங்கே நன்றாக இருக்கும், ஒரு கிலோ எனக்கும் எடு.

உம்மாவைத் துணிக்கடைக்குக் கூட்டிப் போவாய். அப்போது அவள் கையைக் கவனி. ஒரு சேலையைத் தொடுவாள், மடிப்பைக் கொஞ்சம் விரிப்பாள், பிறகு விலை கேட்காமலே கையை எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்வாள். முகாமில் இருந்த காலத்தில் பழகியது அது. கூப்பனுக்கு அரிசி வாங்கி ஆறு பேருக்குப் பங்கு போட்டவள் தனக்கென்று ஒன்றின் விலையைக் கேட்க மறந்துபோனாள். அவள் கையெடுத்த சேலை எது என்று பார்த்து வைத்துக்கொண்டு பிறகு போய் வாங்கு. அவளிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள்.

ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 2011இல் நான் தனியாக வந்து நம் வீட்டு வளவைத் துப்புரவாக்கிய நாட்கள். ஓடு இல்லை, கதவு இல்லை, நிலைகூட இல்லை. குசினிக்குள் உடைமரம் வளர்ந்து சுவரைப் பிளந்திருந்தது. கத்தியோடு பற்றை வெட்டிக்கொண்டிருந்தேன். தலைமன்னார்ப் பக்கம் போன வான் ஒன்று ரோட்டில் நின்றது. நாலைந்து இளைஞர்கள், நல்ல உடுப்பு, நல்ல பிள்ளைகள்தான். இறங்கி வந்து வீட்டைப் படம் எடுத்தார்கள். ஒருவன் நம் திண்ணையில் ஏறி நின்றான். உன் வாப்பாவும் நானும் இரவில் கதைத்துக்கொண்டு படுத்த திண்ணை அது. இன்னொருவன் என்னைப் பார்த்துக் கையால் சாடை காட்டினான், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி. நான் தள்ளி நின்றேன். எடுத்தார்கள், ஏறினார்கள், போனார்கள். யாருடைய வீடு என்று ஒருவன் கேட்டிருந்தால் நான் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் ஊற்றியிருப்பேன். போத்தலில் தேத்தண்ணீரும் இருந்தது. அந்தப் படம் எங்கேயோ இருக்கும். அதில் நம் திண்ணை இருக்கும், நான் இருக்கமாட்டேன்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏன் வெட்கப்பட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நீ அப்படி ஒருவரையும் வெட்கப்பட வைக்காதே என்பதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். திருகோணமலையும் அடிபட்ட ஊர். சுனாமி அடித்த கரை அது. 2006இல் மூதூர்ச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தார்கள். நாங்கள் புத்தளத்தில் வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்து அதைக் கேட்டோம், அன்றிரவு ஒரு வீட்டிலும் சோறு இறங்கவில்லை. நீ படம் எடுக்கும் உடைந்த சுவருக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். பக்கத்திலேயே நிற்பார். முதலில் சலாம் சொல், இல்லையென்றால் வணக்கம் சொல், ஆயுபோவன் சொல். யாருடைய இடம் என்று கேள். கரைவலை இழுப்பதைக் கண்டால் சும்மா நின்று படம் பிடிக்காமல் கயிற்றில் ஒரு கை வை. மடி கரைக்கு வரும்வரை இழு, உள்ளங்கை எரியும். அதன் பிறகு அவர்களாகவே உன்னை அழைத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். கையில் ஒரு மீனும் தருவார்கள்.

கடைசி நாளைக் கிண்ணியாவுக்கு வைத்துக்கொள். மூதூர்ப் பக்கமும் போக நேரம் இருந்தால் நல்லதுதான். 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற வெள்ளைக்காரன் கொட்டியாரக் குடாவில்தான் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டான். பத்தொன்பது வருடம் கைதியாக இருந்து, 1679இல் தப்பிக் காட்டு வழியாக வந்து சேர்ந்தது நம் அரிப்புக் கோட்டைக்கு. அந்தக் கரையில் சிக்கியவன் நம் கரையில் விடுதலையானான். இதை உன் மனைவிக்குச் சொல், அவள் வரலாறு படித்தவள்.

என்னைக் கடலில் இருந்து இழுத்த காக்காவைப் பற்றிப் பாதியில் விட்டுவிட்டேன். அன்று அவர் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தவனுக்குத் தன் சாரத்தைக் கட்டிவிட்டு, பஸ்ஸில் ஏற்றி, துறையில் பாதை என்று சொல்லும் மிதவையில் தண்ணீர் தாண்டிக் கிண்ணியாவில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவருடைய உம்மா குரக்கன் பிட்டும் தயிரும் தந்தா. இரண்டு இரவு தங்கினேன். நான் யார், என்ன சாதி சனம் என்று கேட்டது மூன்றாவது நாள், லொறி ஏறும்போது. அதன் பிறகு ஒவ்வொரு வாடைக்கும் அவர் வீட்டில்தான் இறங்குவேன். சண்டை தொடங்கிப் பாதைகள் அடைபட்ட பிறகு தொடர்பு அறுந்துபோனது. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது, கிட்டத்தட்ட நானூறு மீற்றர் நீளம். அடுத்த வருடம் நான் அந்தப் பாலத்தின் மேல் நடந்துபோய் அவரைத் தேடினேன். வீடிருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் அவரும் அவருடைய மனைவியும் மௌத்தாகியிருந்தார்கள். கபுரடியில் நின்று ஓதிவிட்டு வந்தேன். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய மகன் இருக்கிறார். கரையிலிருந்து உள்ளே தள்ளி வீடு கட்டியிருக்கிறார். நீங்கள் வருவதைச் சொல்லிவிட்டேன். பகல் சாப்பாடு அங்கேதான், முக்கால் மணியில் எழும்பப் பார்க்காதே. உம்மாவிடம் ஒரு பொதி கொடுத்திருக்கிறேன், மூன்று கிலோ சீலா, நானே கீறிக் காயவைத்தது. பஸ்ஸில் மணக்காமல் இருக்கக் கடதாசியில் சுற்றி, பனையோலைப் பெட்டியில் வைத்துக் கட்டியிருக்கிறேன். மேலே பாரம் வைக்காதே. பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வா. உன் மாமி முடைந்தது அது. அந்த வீட்டில் வெறும் பெட்டியாகத் தரமாட்டார்கள், எது போட்டுத் தந்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்.

துஆவுடன்,
மாமா